எட்டுக் கால் சிப்

"இதா இருக்குமோ?" என்று கேட்டார் லென்ஸ்காரர்.

"அதுக்கும் எட்டுக் கால்தான். ஆனா அது இல்ல அத்தான்," என்றான் மைத்துனன்.

"போன வாரம் இதுதான்னு அடிச்சுச் சொன்னியே?"

"போன வாரம் விளக்கு அந்தப் பக்கம் இருந்தது."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் கவிழ்ந்து, முதுகு திறந்து கிடந்தது. இருவரும் அதன் மேல் குனிந்திருந்தார்கள். லென்ஸ்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறும்போது சுவரில் காதை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று அவன் கம்பெனியில் பேர். அப்படிப்பட்டவன் கை, இந்த மேசைக்கு வந்தால் மட்டும் கோணலாகிவிடும்.

லேப்டாப் லென்ஸ்காரரின் மனைவியுடையது. வீட்டிலிருந்தே அலுவலகக் கணக்குப் பார்த்தவள். எதையும் பூட்டி வைத்தே பழக்கம். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடியபடி, "உங்ககிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் கம்ப்யூட்டர்ல பேசி வெச்சிருக்கேன். அப்புறமா கேளுங்க," என்றாள். அவர் "சரி" என்றார். பாஸ்வேர்டு என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவர் பேசியதில் பாதி "சரி"தான். கடைசி வார்த்தையும் அதுவாகவே அமைந்துபோனது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு பொத்தானை அழுத்தினார். வேறு எதுவும் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் பாஸ்வேர்டு கேட்டது. கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார். அவளுடைய செல்லப் பெயரைப் போட்டார். கொஞ்சம் கூச்சத்தோடு தன் பெயரையும் போட்டார். அது தவறு என்று கீச்சிட்டு அணைந்துவிட்டது.

அதன் பிறகு அவர் படுத்தார். கடைக்குப் போகவில்லை. வாசலில் பால் திரிந்தது.

மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, தூசி தட்ட வேண்டும் என்று லேப்டாப்பைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் திரும்பக் கொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. உள்ளே அத்தனை தூசி என்றான். பிறகு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, ஒரு வழி இருக்கிறது என்று ஆரம்பித்தான்.

வழி இதுதான். பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிக்கிற புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான, எட்டுக் கால் கொண்ட ஒரு சிப்பில் அது குடியிருக்கிறது. பூட்டும் அங்கேதான். அந்தச் சிப்பைக் கண்டுபிடித்து, ஒயர் கோத்த ஒரு கிளிப்பால் கவ்வி, பழையதை அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் பூட்டு தானாகப் போய்விடும். சிப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

"அவ்வளவுதானா?" என்று எழுந்து உட்கார்ந்தார் லென்ஸ்காரர்.

"அவ்வளவுதான். முதல்ல சாப்பிடுங்க. கை நடுங்கினா ஸ்க்ரூ நிக்காது."

அவர் சாப்பிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முதுகைத் திறந்தார்கள். சிப் தெரியவில்லை. மூடும்போது மைத்துனன் குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் நெட்டை ஸ்க்ரூவைத் திருகிவிட, மறுபக்கத்தில், அவள் கை வைத்துத் தட்டெழுதும் இடத்தில், ஒரு பரு கிளம்பியது. லென்ஸ்காரர் அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் விசிறிக்குப் பக்கத்தில் எட்டுக் கால் ஒன்று கிடைத்தது. மைத்துனன் கிளிப்பை மாட்டி அதில் எதையோ ஏற்றினான். பொத்தானை அழுத்தியதும் விசிறி ஊளையிட்டது. பாஸ்வேர்டு கட்டம் அப்படியே இருந்தது. கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து, புதுசாக மிக்ஸி வாங்கியிருக்கிறீர்களா, அரைத்து முடிக்க இன்னும் நேரமாகுமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

அதற்கடுத்த வாரம், சிப் ஒரு கறுப்புத் தாளுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்று தோன்றி, தாளை உரிக்கப் போய் கீபோர்டின் பட்டை ஒயர் பிய்ந்துவிட்டது. பாதி எழுத்துகள் செத்தன.

"நல்லதாப் போச்சு. இனிமே பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் அடிக்க முடியாது," என்றார் லென்ஸ்காரர்.

மைத்துனன் சிரித்தான். அவரும் சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் அந்த வீட்டுக்கு அந்நியமாக இருந்தது. இருவரும் உடனே நிறுத்திக்கொண்டு, தப்புச் செய்தவர்களைப் போலச் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள்.

இன்னொரு நாள் லென்ஸ்காரர், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு தட்டையான பெட்டியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். ஓரத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அது கிடக்கட்டும் அத்தான். நமக்கு வேண்டியது சிப்புதான்," என்று சொல்லி, மைத்துனன் அதன் மேல் துடைக்கிற துணியைப் போட்டான். துணி மேலேயே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தான்.

இதற்கிடையில் லென்ஸ்காரர் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டு, மேசையைத் துடைத்து, ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பழைய லென்ஸ் பெட்டிகளில் பிரித்து வைத்துக் காத்திருந்தார். சிப்பின் மேல் இன்ன எழுத்துகள் இருக்கும், மூலையில் ஒரு புள்ளி இருக்கும், அதன் பக்கத்தில் இருப்பதுதான் முதல் கால், கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அழிப்பதற்கு முன் சிப்பில் இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். தனக்கும் அவளுக்கும் நடுவில் அப்படி யாராவது இரண்டாம் தடவை படித்துப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நாள் லென்ஸ் தேய்க்கும்போது நினைத்தார். லென்ஸ் விளிம்பு உடைந்தது.

கடைசியாக மைத்துனன் கிளிப்பைத் தலைகீழாக மாட்டினான். ஒயர் கருகி வாடை வந்தது.

"மாப்ளே, லிஃப்ட்லயும் இப்படித்தான் வேலை பாக்கறியா? நான் இனிமே படியில ஏறிக்கறேன்."

"லிஃப்டுக்கு எட்டுக் கால் கிடையாது அத்தான். வேற கிளிப் வரவழைக்கணும். கப்பல்ல வரணும். ஒரு மாசம் ஆகலாம்."

ஒரு மாதம் லென்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேலைநாள் காலையில், கடைக்குக் கிளம்புமுன், கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு தனியாகவே உட்கார்ந்தார். சிப்புகளின் மேல் பொடியாக இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பேட்டரிக்குக் கீழே, இத்தனை நாளாக மைத்துனன் விளக்கைப் பிடிக்காத ஒரே மூலையில், அது இருந்தது. எட்டுக் கால். ஓரத்தில் புள்ளி. மேலே, அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே எழுத்துகள்.

இன்றைக்கே கிளிப் கிடைத்தால், இன்றைக்கே அவள் குரலைக் கேட்டுவிடலாம். மைத்துனனிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் உட்கார்ந்ததும், ஒன்றுமே பேசாமல் அவன் அக்காவைப் பேசவிட வேண்டும். அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. வட்ட விளக்குக்கு அடியில் ஒரு பெண் உட்கார்ந்து எதையோ ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கால் சிப்புக்கு ஒரு கிளிப் வேண்டும் என்றார். பொருந்துமா என்று பார்க்கிறேன் என்று அவள் லேப்டாப்பை வாங்கித் திறந்தாள்.

திறந்தவள், தட்டையான பெட்டியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள். கடையின் கண்ணாடிக் கதவிலும் அதே பச்சை ஸ்டிக்கர் இருப்பதை லென்ஸ்காரர் அப்போதுதான் கவனித்தார்.

"லிஃப்ட்காரர் கொண்டு வந்த மெஷினாச்சே இது! நீங்க அவர்கூட வேலை பாக்கறவரா?"

லென்ஸ்காரர் வழக்கம்போல, "சரி" என்பதைப் போலத் தலையாட்டினார்.

"அவரோட அத்தான் இப்ப எப்படி இருக்கார்? சாப்பிடறாரா?"

அவர் லேப்டாப் சுற்றி வந்த துண்டை நான்காக மடித்தார்.

"சாப்பிடறார்," என்றார்.

"அப்பாடா," என்று அவள் கிளிப்பைத் தேட இழுப்பறையைத் திறந்தாள். "பூட்டெல்லாம் ஒரு விஷயமே இல்லீங்க, பேசினதெல்லாம் இந்தத் தட்டைப் பெட்டியில, டிஸ்க்குலதான் இருக்கும், அதைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினாப் போதும், அப்படித்தான் அவர் கொண்டு வந்தார், பாத்தா டிஸ்க்கே செத்துக் கிடக்குது, அந்த அம்மா பேசினதுல ஒரு வார்த்தைகூட எடுக்க முடியல, இது தெரிஞ்சா அத்தான் மறுபடியும் படுத்துடுவார், சுலபத்துல கிடைக்காத எதையாவது தேடச் சொல்லணும்னு இங்கேயே உக்காந்து அழுதார், நான்தான் இந்தச் சிப்பைச் சொல்லிக் கொடுத்தேன்."