பாய்ச் சாயமும் சம்பந்தியின் வேட்டியும்

பகல் பதினொன்றரை மணிக்கு, சம்பந்தம் பேச வந்த பையனின் தகப்பன் எங்கள் முற்றத்தில் காரை விட்டு இறங்கி, வயல் பக்கம் திரும்பி நின்று, "நல்ல காணி" என்றார். அவர் பார்த்தது காணியை. நான் பார்த்தது அவருடைய வேட்டியின் பின்பக்கத்தை. அங்கே இரண்டு சிவப்புச் சூரியன்கள் உதித்திருந்தன. பின்னால் இறங்கிய அவருடைய மைத்துனரிடம் இன்னும் இரண்டு.

இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. (பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது விளங்கும்.)

யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்து வயல் செய்யத் தொடங்கிய எங்களை, பழைய ஊரிலுள்ளவர்கள் "காட்டுக்குள்ள போனவை" என்றுதான் சொல்வார்கள். அந்தக் காட்டைச் சாட்டி, மகள் கமலாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. அடுத்து வந்தது, ஓய்வு பெற்ற தலைமை வாத்தியார் ஒருவரின் மகன். படத்தைப் பார்த்த கமலா "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அவள் வாயில் அந்தச் சொல் வராவிட்டாலே பெரிய சம்மதம். ஆகவே, பெண் பார்க்க வருகிற வாத்தியாரையும் அவருடைய மைத்துனரையும் கிளிநொச்சி ஸ்டேஷனிலிருந்து என் காரில்தான் கூட்டிவருவது என்று முடிவு செய்தேன். காட்டிலும் கார் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்!

கார் ஓடும்தான். ஆனால் ஒரு காலத்தில் கருஞ்சிவப்பாக இருந்த அதன் இருக்கைகளின் சீற்றுத் துணி, வெயிலில் வெளிறி, ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. புதுத் துணி போட அவகாசமில்லை. சந்தைக்குப் போய்ச் சிவப்புச் சாயப்பொடி கேட்டேன்.

"பாய் இழைக்கவோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம்" என்றேன். (கார் வைத்திருக்கிற மனிதன் சீற்றுக்குச் சாயம் பூசப்போகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.)

பொடியைச் சுடுதண்ணீரில் கரைத்து, அலுமாரியிலிருந்த வேட்டிகளையெல்லாம் கிழித்துத் தோய்த்து, தேய் தேய் என்று தேய்த்தேன். மனைவி பரமேசு குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தச் சாயத்தில பாய் ஓலையைப் போட்டு அவிக்கவேணும். அப்பத்தான் பிடிக்கும். சீற்றை எந்தப் பானைக்குள்ள வைச்சு அவிக்கப் போறியள்?"

"நான் படிச்சவன்" என்றேன். இன்னும் ஊன்றித் தேய்த்தேன்.

காய்ந்தபின் பார்த்தால், அது ராசா வீட்டுக் கதிரை! நான் இருந்து ஓட்டுகிற சீற்றுக்கு மட்டும் சாயம் போதவில்லை. அதனால்தான், சரளைக் கல் போட்ட கிறவல் ரோட்டில் அவர்கள் இருவரும் பின்னால் வியர்த்து ஒழுகிக்கொண்டு வர, என் வேட்டி பால் போலவே வந்து சேர்ந்தது.

கமலா தேத்தண்ணீரோடு வந்தாள். வாத்தியார் அந்த நேரம் பார்த்துச் சுவாமிப் படத்தைக் கும்பிடத் திரும்பினார். தட்டு கிடுகிடுத்தது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"பிள்ளைக்கு வெக்கம்" என்றார் வாத்தியார்.

"வெக்கமில்லை, அத்தான்," என்றார் மைத்துனர். "உங்கட பின்பக்கத்தைப் பாருங்கோ."

மனிதர் அதைப் பார்க்க முயன்று தன்னைத் தானே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு முகம் வேட்டியைவிடச் சிவந்தது.

என் சாரங்கள் இரண்டை உடுக்கக் கொடுத்து, வேட்டிகளை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். பரமேசு சவுக்காரம் எடுத்துக்கொண்டு வருவதற்குள், கறை கெதியாகப் போகட்டும் என்று நெல் அவிக்கிற கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டையும் அமுக்கிவிட்டேன். சூரியன்கள் மறைந்தன. வேட்டிகள் தலைப்பிலிருந்து தலைப்புவரை ஒரே றோசா நிறம். சாயம் இப்போதுதான் ஒழுங்காகப் பிடித்திருந்தது!

(இன்றைக்கும் நான் வீட்டில் எதையாவது திருத்தப் புறப்பட்டால், எல்லாரும் ஒரே குரலில் கேட்பது: "அவிச்சாச்சோ?")

அன்று ஞாயிற்றுக்கிழமை. துணிக்கடை பூட்டு. என் இடுப்பில் இருந்த வெள்ளை வேட்டியோ ஒன்று, ஆட்கள் இருவர். "சாரத்தோட நான் ரயிலில ஏறமாட்டன்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பின்னேர ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

அதைவிடப் பெரிய சிக்கல் சோறு. வரும்போதே வாத்தியாரின் மனைவி, பையனின் தாய், கட்டளை போட்டு அனுப்பியிருந்தா: "பொம்பிளையைப் பாருங்கோ. கை நனைக்காமல் வாங்கோ." பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்றுதான் எங்கள் ஆட்களிடம் அர்த்தம். வாத்தியார் பசியோடு விறைத்துக்கொண்டு இருந்தார். குசினியில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. முதலில் உடைந்தவர் மைத்துனர்.

"அத்தான், அக்கா கையைத்தானே நனைக்க வேண்டாமெண்டவா? கரண்டியால சாப்பிட்டால் என்ன?"

"எங்கட வீட்டில கரண்டி கறி அள்ளத்தான்" என்றாள் பரமேசு உள்ளேயிருந்து.

வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்துபோய்க் கை கழுவினார். கமலா மூன்று தரம் சோறு போட்டாள்.

மறுநாள் காலை எங்கள் படலையில் வாடகைக்குப் பிடித்த ஒரு ஹயரிங் கார் வந்து நின்றது. போன மனிதர் திரும்பவில்லையே என்று பதறி, பையனின் தாய் தானே வந்துவிட்டா. வாத்தியார் என் சாரத்தோடு சம்மணம் கட்டி, புட்டும் சம்பலுமாகக் குழைத்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவா கொடியில் காய்ந்த இரண்டு றோசா வேட்டிகளைப் பார்த்தா. செம்பில் தண்ணீரோடு நின்ற கமலாவை நெடுநேரம் பார்த்தா.

"முப்பது வருசமா என்ர வீட்டில இந்த மனிசன் சம்மணம் கட்டிச் சாப்பிட்டதை நான் காணேல்லை," என்றா. "இனி என்னத்தைப் பேசக் கிடக்கு? பிள்ளை, எனக்கும் ரண்டு புட்டு வை." பிறகு என் பக்கம் திரும்பினா. "சம்பந்தியார், கலியாணத்துக்கு மாப்பிள்ளையை நாங்கள் மாட்டு வண்டிலில எண்டாலும் கூட்டிவாறம். உங்கட காரை மட்டும் அனுப்பிப்போடாதையுங்கோ."