சாரல் மாதத்தில் சோலார் படகு

தென்காசிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சோலார் தகடு வாங்கி வர வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் 'நாமே செய்வோம்' என்று ஒரு பகுதி. காகிதப் பட்டம், தீப்பெட்டித் தொலைபேசி, தேங்காய்ச் சிரட்டைத் தராசு என்று வாரம் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி போடுவேன்: 'செய்து பார்த்து எழுதியது.'

அந்த வரி பொய்த்ததே இல்லை. பட்டம் பறக்காவிட்டால் அந்த வாரம் பட்டம் வராது, விடுகதை வரும்.

இலஞ்சியில் என் நண்பர் ஞானமுத்து, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், தன் கையாலேயே ஒரு சின்னப் பாய்மரப் படகு கட்டியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் மூன்று பேரும் குளிக்கலாம். அதைப் பற்றி எழுதினேன். உடனே வீரகேரளம்புதூரிலிருந்து ஏழாம் வகுப்பு செல்வி என்ற வாசகி கடிதம் போட்டாள்.

'மாமா, காற்று சும்மா கிடைக்கிறது, படகு போகிறது. அதேபோலப் படகில் விளக்கும் சும்மா எரியுமா?'

நல்ல கேள்வி! நல்ல கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் வேகமாகச் சொல்லிவிட்டேன். 'சூரியன் இருக்கக் கவலை ஏன்?' என்று தலைப்புப் போட்டு, படம் வரைந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இலஞ்சிக் குளத்தங்கரைக்கு வந்தால் நேரிலேயே பார்க்கலாம் என்று வாசகர்களுக்கு அழைப்பும் வைத்தேன். அச்சகத்துக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். வழக்கமான வரியையும் கீழே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

செய்து பார்த்து எழுதியது!

செய்யவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தகடே இனிமேல்தான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் விளக்கு எரிந்துவிட்டால் வரி உண்மையாகிவிடும். எரியாவிட்டால், பத்தொன்பது வருஷமாகக் காப்பாற்றிய ஒற்றை வரியைக் குளத்தில் விட வேண்டியதுதான்.

செருப்பை மாட்டும்போது என் மனைவி கோமதி கேட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க, இந்தச் சாரல்ல?"

சொன்னேன்.

"மூணு நாளா ஒங்க வேட்டி கொடியில கெடக்கு. இன்னும் காயல. வேட்டியே காயாத வெயில்ல வெளக்கு எரியுமாக்கும்?"

"வேட்டி வேறு, விஞ்ஞானம் வேறு" என்றேன்.

இப்படிப் பேசுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று எத்தனையோ கதைகளில் நானே குழந்தைகளுக்கு எழுதியிருக்கிறேன்.

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் சங்கரபாண்டி அண்ணாச்சி. திருவனந்தபுரம் போய் வரும்போதெல்லாம் புதுச்சாமான் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். அவரிடம் மூன்று தகடு இருந்தது.

"வாங்க சார்வாள்! எல்லாம் ஒங்களுக்காவத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

முதல் தகடு பாதிக் கதவு அளவு. விலை கேட்டேன். சொன்னார். ஞானமுத்துவின் படகைப் போல இரண்டு படகு கட்டலாம்.

"அண்ணாச்சி, இதைப் படகில் வைத்தால் நாங்கள் கரையில்தான் நிற்க வேண்டும்."

"அப்போ இதப் பாருங்க." உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்தார். ரொம்ப மலிவு.

"இதில் எந்த விளக்கு எரியும்?"

"எறும்பு புத்தகம் படிக்கதுக்குப் போதும்."

மூன்றாவது, சிலேட்டு அளவு. மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. கீறல் இருந்ததால் விலை என் பைக்கு எட்டியது. எட்டிய உடனே கீறலும் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

"ஆனால் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன்" என்றேன்.

"அதான் முறை. எங்கிட்ட யாரும் சோதிக்காம ஒரு பல்பு வாங்கிட்டுப் போக முடியாது. நானே விட மாட்டேன்."

இரண்டு பேரும் வாசலுக்கு வந்து மேலே பார்த்தோம். மலையும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல். முகத்தில் சாரல் தெளித்தது.

"வெயிலுக்கு எங்க போக?" என்றார் அண்ணாச்சி. "உள்ள வாங்க. எங்கிட்ட எரநூறு வாட்டு பல்பு இருக்கு. அதுவும் சூரியன் மாதிரிதான்."

பல்பைப் போட்டார். அடியில் தகட்டை வைத்தார். தகட்டிலிருந்து வந்த ஒயரில் ஒரு டார்ச்லைட் பல்பைச் சேர்த்தார்.

எரிந்தது!

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஸ்கேலை எடுத்தேன். ஒரு சாண் தூரத்தில்: நன்றாக எரிகிறது. ஒன்றரைச் சாணில்: சுமாராக எரிகிறது. இரண்டு சாணில்: எரிகிற மாதிரி இருக்கிறது. கீறல் விழுந்த மூலையைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மறைக்காமல் பார்த்தேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

நடுவில் கரண்ட் போயிற்று. பெரிய பல்பு அணைந்தது. கூடவே சின்ன பல்பும் அணைந்தது.

"பாத்தீங்களா, ரெண்டுக்கும் எவ்வளவு ஒத்தும!" என்றார் அண்ணாச்சி.

நானும் தலையாட்டினேன். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இருநூறு வாட் பல்பை எரித்து ஒரு டார்ச்லைட் பல்பை எரிய வைத்துவிட்டுச் சந்தோஷமாகத் தகட்டை வாங்கி வந்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை இலஞ்சிக்குப் போனேன். தகட்டை எங்கே பொருத்துவது என்பதில் ஞானமுத்துவுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"பாய்க்குப் பின்னால வச்சா பாய் நெழலு விழும்வே. பாயச் சுருட்டுனா வெளக்கு எரியும், படகு போவாது. பாய விரிச்சா படகு போவும், வெளக்கு எரியாது. ஒமக்கு எது வேணும்?"

"இரண்டும்."

"ஆசையப் பாரும்!"

கடைசியில் படகின் முன்மூக்கில் வைத்தோம். எந்தச் சாய்வில் வைப்பது? ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறதோ அத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். தென்காசிக்கு ஒன்பது. பாகைமானியை வைத்து அளந்தேன். எட்டரை காட்டியது. அடியில் ஒரு தீக்குச்சியைச் சொருகி ஒன்பதாக்கினேன்.

"இப்ப எரியுமா?" என்றார் ஞானமுத்து.

"வெயில் வந்தால் எரியும்."

"வெயிலு வராட்டா?"

"ஏன் வராது? காற்றடிக்கிற மாதமாகப் பார்த்து வைக்கச் சொன்னது நீர்தானே?"

"காத்துக்குத்தானவே நான் பொறுப்பு? வெயிலுக்கு நான் என்னைக்குப் பொறுப்பேத்தேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்க்குக் காற்று வேண்டும். காற்று சாரல் சீசனில்தான் வரும். தகட்டுக்கு வெயில் வேண்டும். வெயில் சீசன் முடிந்துதான் வரும். தகட்டை அளந்தேன், தூரத்தை அளந்தேன், சாய்வை அளந்தேன். அண்ணாந்து பார்க்க மட்டும் மறந்துவிட்டேன்.

ஞாயிறு நான்கு மணி. யாரும் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நாற்பது குழந்தைகள்! குடையோடு அப்பாக்கள், தூக்குச்சட்டியோடு அம்மாக்கள். முதல் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், அந்த வாரச் சிறுவர் பக்கத்தை நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நாந்தான் செல்வி. வீரகேரளம்புதூர்."

"வாம்மா" என்றேன்.

ஞானமுத்து பாயை விரித்தார். காற்று அன்றைக்கு என்ன காற்று! படகு அம்பு மாதிரி போய் வந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் படகின் மூக்கில் இருந்த பல்பைப் பார்த்தார்கள்.

பல்பும் அவர்களைப் பார்த்தது.

"எரியுத மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். நல்ல பிள்ளை. என் பக்கத்தின் பழைய வாசகன்.

"எரியல" என்றாள் செல்வி.

"சூரியன் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்" என்று சமாளித்தேன்.

எல்லோரும் மேற்கே திரும்பி நின்றோம். கால் மணி. அரை மணி. நாற்பது பிள்ளைகள், இருபது குடைகள், ஒரு டிராயிங் மாஸ்டர், ஒரு பத்திரிகைக்காரன். அறுபது வருஷமாக அங்கே நிற்கிற அரசமரத்துக்குக்கூட இப்படி ஒரு கூட்டம் மேகத்தைக் கும்பிட்டு நின்ற ஞாபகம் இருக்காது.

கரையில் டீக்கடை போட்டிருந்தவர் மாதவன். கேரள எல்லையில் புளியறைப் பக்கத்துக்காரர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சேட்டா, வெயில் எப்போது வரும்?"

"வரும் சாரே, வரும்."

"எப்போது?"

"ஆவணி கடைசியில வரும்."

சொல்லிவிட்டு, மேகம் இருட்டுகிறதே என்று கடைக்குள் போய், மண்ணெண்ணெய் ஊற்றிப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைத்தார். புஸ்ஸென்று இரைந்துகொண்டு வெள்ளைவெளேர் என்று எரிந்தது.

எனக்கு அண்ணாச்சி கடை ஞாபகம் வந்தது. அதுவும் சூரியன் மாதிரிதான்!

"சேட்டா, பத்து நிமிஷம் விளக்கைக் கொடுங்கள்."

"எதுக்கு சாரே?"

"விளக்கு எரியுமா என்று பார்க்க."

"எரியுதுல்லா?"

"இந்த விளக்கு இல்லை. அந்த விளக்கு."

மாதவன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கொடுத்தார்.

நானும் ஞானமுத்துவும் படகில் ஏறினோம். அவர் பெட்ரோமாக்ஸைத் தகட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தார். சாரல் பட்டு விளக்கின் கண்ணாடி வெடிக்காமல் இருக்க நான் குடையை விரித்து மேலே பிடித்தேன்.

எரிந்தது! மின்மினி அளவுதான். ஆனால் எரிந்தது!

கரையில் ஒரே ஆரவாரம். "எரியுது! எரியுது!" நானும் சிரித்தபடி கையை ஆட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், கரை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"ஞானமுத்து, படகு போகிறது!"

"போவாம? பாயச் சுருட்டலல்லா! சுக்கானப் பிடியும்வே!"

"என் கையில் குடை இருக்கிறது!"

"குடைய மடக்கும்! அதும் ஒரு பாயால்லா இழுக்கு!"

"மடக்கினால் சாரல் விழும். கண்ணாடி போய்விடும்!"

"கண்ணாடி போனா வாங்கிரலாம். எனக்கு நீச்சல் தெரியாதுவே!"

குளத்தில் ஓடப் படகு கட்டிய மனுஷன் அதுவரை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தி அது. எனக்கும் தெரியாது என்று நானும் அவரிடம் சொன்னதில்லை.

படகு பாயும் குடையுமாகக் குளத்தின் குறுக்கே பறந்தது. கரையோடு நாற்பது பிள்ளைகளும் கூவிக்கொண்டே ஓடி வந்தார்கள். எதிர்க்கரையில் தண்ணீருக்குள் ஓர் எருமை சுகமாகப் படுத்திருந்தது. பட்டப்பகலில் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு, குடை பிடித்தபடி இரண்டு பேர் வருவதை அது அமைதியாகப் பார்த்தது. ஒதுங்கவில்லை.

மோதினோம். மெதுவாகத்தான்.

எருமை எழுந்தது. படகு ஆடியது. பெட்ரோமாக்ஸின் மேண்டில் வலை பொலபொலவென்று உதிர்ந்தது. பெரிய விளக்கு அணைந்தது. கூடவே சின்ன விளக்கும் அணைந்தது.

இரண்டுக்கும் எவ்வளவு ஒற்றுமை!

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகை இழுத்துக்கொண்டு கரையேறினோம். செல்வி முதல் ஆளாக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"மாமா, ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளம்மா."

"அந்தப் பெரிய வெளக்கயே படகுல தொங்க விட்டிருந்தா இந்தச் சின்ன வெளக்கு எதுக்கு?"

ஞானமுத்து பாயைப் பிழிய ஆரம்பித்துவிட்டார். உதவிக்கு வருகிற ஆள் இல்லை.

"எதற்கும் இல்லையம்மா" என்றேன்.

அவள் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இங்கன 'செய்து பார்த்து எழுதியது'ன்னு போட்டிருக்கே. செஞ்சு பாத்தப்ப எரிஞ்சுதா மாமா?"

நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. எரிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஞானமுத்துவைத் தவிர அது பொய் என்று தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

"இல்லை செல்வி. செய்யாமலே எழுதிவிட்டேன். இன்றைக்குத்தான் செய்து பார்த்தேன்."

அவள் பக்கத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

"அப்போ அடுத்த வாரம் சரியா போட்டுருங்க மாமா. நான் வெட்டி ஒட்டி வைப்பேன்லா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாதவனுக்குப் புது மேண்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். கோமதி எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பெட்ரோமாக்ஸ இங்கன கொண்டாந்திருந்தீங்கன்னா வேட்டியாவது காஞ்சிருக்கும்" என்றாள்.

ஈர வேட்டி இரண்டாயிற்று. நான் மேசைக்குப் போய் அடுத்த வாரப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். முதலில் திருத்தத்தை எழுதினேன்:

'சென்ற வாரப் படகுக் கட்டுரையில் சூரிய ஒளி என்று வந்துள்ள இடங்களில் எல்லாம் மண்ணெண்ணெய் என்று திருத்தி வாசிக்கவும். செய்து பார்த்து எழுதியது.'