ஆல்பம் ஆய்வு மன்றத்தின் ஒருமனதான தீர்மானம்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் உலக இசை சீரழியாமல் தப்பியதற்குப் பெங்களூர் தொம்மலூரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடிதான் காரணம் என்பதைச் சரித்திரம் இன்னும் பதிவு செய்யவில்லை. அந்தக் குறையை இப்போது நான் தீர்க்கிறேன்.

அங்கேதான் வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு ‘ஆல்பம் ஆய்வு மன்றம்’ கூடும். தலைவர் சிவசங்கரன் சார், எங்கள் பிராஜெக்ட் மேனேஜர். எண்பத்தைந்துக்குப் பிறகு வந்த எந்த ஆல்பமும் சங்கீதமே இல்லை என்பது அவருடைய ‘தனிப்பட்ட கருத்து’. சம்பள உயர்வு அவர் கையில் இருந்ததால் இன்னும் பதினைந்து பேருக்கும் அதே தனிப்பட்ட கருத்து இருந்தது. எதிரணித் தலைவர் ஹரிஷ்குமார். போன மாதத்துக்கு முன்னால் வந்தது எல்லாமே மியூசியத்தில் வைக்க வேண்டியது என்பது அவர் கட்சி. எந்நேரமும் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் மற்றவர் கட்சி அவருக்கு எட்டாது.

நான் கவியரசன், செயலாளர். குறிப்பு எழுதுவதும், இரண்டு பக்கமும் ஒத்து ஊதுவதும் என் பணி. தர்மபுரியிலிருந்து வந்த மூன்றே வருஷத்தில் இந்த உயரம்.

மன்றத்தின் நடைமுறை மிக விஞ்ஞானபூர்வமானது. ஆல்பத்துக்கு நூறு மதிப்பெண். பழசு என்றால் பிறவியிலேயே நாற்பது. சி.டி. என்றால் பளபளப்புக்கு நாற்பது. மிச்சம் விவாதத்தில். அறையில் ஒரு டேப் ரெக்கார்டரும் உண்டு. ஆனால் அதன் சத்தம் விவாதத்துக்கு இடைஞ்சல் என்பதால் அதன்மேல் டீ ஃபிளாஸ்க்கை வைத்திருந்தோம்.

அக்டோபரில் ஒருநாள், ரிசப்ஷனில் வேலை பார்க்கும் கேத்தரின் கையில் ஒரு கேசட்டோடு உள்ளே வந்தார்.

“சார், எட்டுப் பாட்டு. எல்லாம் எங்கப்பா போட்ட ட்யூன். கல்யாண பேண்டுல ட்ரம்பெட் வாசிச்சவரு. எழுபத்தி நாலுலயே நோட்டுல எழுதி வச்சாரு. போன மாசம்தான் நானும் எங்க சர்ச் கொயர்காரங்களும் பாடி ரெக்கார்ட் பண்ணோம். அப்பாவே ட்ரம்பெட் வாசிச்சாரு. ஆன்யுவல் டேல ஒரே ஒரு பாட்டு போட்டீங்கன்னா அவரைக் கூட்டிட்டு வருவேன். தன் பாட்டை நாலு பேரு நடுவுல உக்காந்து அவரு கேட்டதே இல்ல சார்.”

சிவசங்கரன் சார் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ட்யூன் எழுபத்தி நாலு?”

“ஆமா சார்.”

“ரெக்கார்டிங் தொண்ணூத்தி ஒம்போது?”

“ஆமா சார்.”

மன்ற வரலாற்றிலேயே இப்படியொரு சிக்கல் வந்ததில்லை.

“அப்ப இது பழசாம்மா, புதுசா?”

“பாட்டு சார்.”

எவ்வளவு பொறுப்பில்லாத பதில்! அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து வாரம் விவாதம் நடந்தது. “ட்யூன் அருமையா இருக்கும். ஆனா இந்தக் காலத்துக் குரல் அதைக் கெடுத்திருக்கும்” என்றார் சிவசங்கரன் சார். “குரல் ஓகேயா இருக்கும் பாஸ். ட்யூன்தான் அரதப்பழசா இருக்கும்” என்றார் ஹரிஷ்குமார். அந்த ‘இருக்கும்’ என்ற சொல்லின் அடக்கத்தைக் கவனியுங்கள். அட்டைப்படத்தின் நீலம் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. மன்றம் அட்மினைக் கேட்டது, கேன்டீன்காரரைக் கேட்டது, என்னைக்கூடக் கேட்டது. ஆல்பத்தைத்தான் கேட்கவில்லை.

கேத்தரின் வாராவாரம் கதவோரம் வந்து நிற்பார்.

“ஒரு தடவ போட்டுப் பாத்துருங்களேன் கவி.”

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு கேத்தரின்” என்பேன். அப்போது என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்கும்.

கடைசியில் அனுமதி கிடைத்தது: ‘ஆண்டு விழா இறுதியில் ஒரு பாடல், நேரமிருப்பின்.’

விழா அன்று மத்தியானம் மூன்று மணிக்கே கேத்தரினின் அப்பா யூஜின் பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சாம்பல் நிற கோட்டு, பாலிஷ் போட்ட ஷூ. முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விருது வழங்கல் முடிந்ததும், ‘பழைய ஆல்பங்களின் மேன்மை’ குறித்து சிவசங்கரன் சார் ஐம்பது நிமிஷம் பேசினார். ‘புதிய ஆல்பங்களின் வேகம்’ குறித்து ஹரிஷ்குமார் ஒரு மணி நேரம் மெதுவாகப் பேசினார். அப்புறமும் மண்டபத்துக்கான நேரத்தில் ஒன்பது நிமிஷம் மிச்சமிருந்தது. பாட்டு நான்கே நிமிஷம்தான்.

ஆனால் நன்றியுரை என்னுடையது. அதில் யாரையும் விட்டுவிடக் கூடாதல்லவா? ஜெனரேட்டர் ஆபரேட்டர் வரை நன்றி சொன்னேன். மண்டபக்காரர் விளக்கை அணைத்தார்.

கேத்தரின் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கேசட்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தார். நகரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, “வாங்கப்பா” என்றார்.

நான் காக்ஸ் டவுனில் குடியிருந்ததால் அவர்களோடு அதே ஆபீஸ் வேனில்தான் போக வேண்டியிருந்தது. டிரைவர் சந்திரன் கண்ணாடியில் பார்த்தபடி, “என்னம்மா இது, சும்னே பேசிப் பேசியே நேரத்த ஓட்டிட்டாங்க. கேசட்டக் குடு, நான் போடறேன்” என்றார்.

அல்சூர் சிக்னலில் முதல் பாட்டு ஆரம்பித்தது. கேத்தரினின் குரல் என்று நம்ப முடியவில்லை. ரிசப்ஷனில் ‘ப்ளீஸ் ஹோல்ட்’ சொல்லும் குரல் அது. ட்ரம்பெட் வந்தபோது யூஜினின் மூன்று விரல்கள் முழங்காலில் ஏறி இறங்கின. அடுத்த பாட்டு தொடங்கியதும், மன்றத்தின் கௌரவத்தைக் காக்க நான் முன்னால் சாய்ந்தேன்.

“அங்கிள், இதுல பழைய ஸ்டைல் எது, புது ஸ்டைல் எது?”

“இது ரெண்டாவது பாட்டு தம்பி. ஸ்வல்ப பேசாம கேளு.”

பேசாமல் கேட்டேன். காக்ஸ் டவுனில் இறங்க மறந்தேன். பிரேசர் டவுன் வந்ததும் சந்திரன் வீட்டு வாசலில் நிறுத்தாமல், ஏழும் எட்டும் முடியும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

“நாலாவதுல எனக்கு மூச்சு வாங்கிடுச்சும்மா” என்றார் யூஜின்.

“தெரியும்ப்பா. அதுக்குத்தான் நாங்க சத்தமாப் பாடினோம்.”

அவர் இறங்கி, சந்திரனுக்கும் எனக்கும் கை கொடுத்தார். எனக்குக் கை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை சிவசங்கரன் சாரிடம் போனேன்.

“சார், கேத்தரின் ஆல்பம் ரொம்ப நல்லாருக்கு. ஆறாவது பாட்டுல…”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டேன் சார்.”

ஹரிஷ்குமார் ஹெட்போனைக் கழற்றினார். அன்றே அவசரக் கூட்டம். தீர்மானத்தை வழக்கம்போல நானே எழுதினேன்: ‘செயலாளர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டபடியால் அவருடைய கருத்து இனி நடுநிலையானதாக இருக்க முடியாது. ஆகவே நீக்கப்படுகிறார்.’ பழைய அணியும் புதிய அணியும் ஒன்றாகக் கை தூக்கின. மூன்று வருஷத்தில் அதுவே முதல் ஒற்றுமை.

மற்ற உறுப்பினர்களின் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இசையைக் கேட்டதாக அவர்களில் ஒருவர்மேலும் இன்றுவரை புகார் எழுந்ததில்லை.