துரைசாமி கை போணி

"அண்ணே, நாளைக்குக் காலையில சிலுவைராஜ் மேசையில முதல் போணி நீங்கதான் பண்ணணும்" என்று மருதப்பன் சொன்னதும், துரைசாமி அவன் வாங்கித் தந்த பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் கை எப்படின்னு தெரிஞ்சுதான் கேக்கிறியா?"

தெரியாமல் இருக்குமா? சிராங்கூன் ரோட்டில் காலையில் கடை திறப்பவர்கள் துரைசாமியின் தலை தெரிந்தால் போதும், சாமி படத்துக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொள்வார்கள். அவர் முதல் போணி செய்த நகைக்கடை அந்த வருஷமே மூடப்பட்டது. ஒரு கோப்பிக் கடையில் முதல் ஆளாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு அவர் இறங்கியதும் கூரையும் இறங்கியது. மற்றபடி தங்கமான மனிதர்.

"தெரிஞ்சுதாண்ணே கேக்கிறேன்."

"எனக்கென்ன லா, நான் எப்படியும் அந்தப் பக்கம் வரத்தான் போறேன்" என்ற துரைசாமி, இன்னொரு பரோட்டாவுக்குக் கை காட்டினார்.

மருதப்பனுக்கு வேறு வழி இல்லை. யாக்கூப் மாஸ்டர் நடத்தும் மாலை வணிக வகுப்பில், அறுபத்தொன்றாம் வருஷ முடிவுக்கு வியாபாரப் போட்டி வைத்திருந்தார்கள். எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரிச் சோப்பு, ஆளுக்கு ஒரு பெட்டி. கடைகளுக்கு முன்னால் நடைபாதையில் மேசை போட்டு விற்க வேண்டும். யார் பெட்டி முதலில் காலியாகிறதோ அவருக்கு அந்தச் சோப்புக் கம்பெனியிலேயே சேல்ஸ்மேன் வேலை. கிடைத்தால், மாமா கடையில் அரிசி மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு மருதப்பன் டை கட்டலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் மூட்டைதான் என்று மாமா சொல்லிவிட்டார்.

குறுக்கே நின்றவன், தீவின் வடகோடியில் இருக்கும் செம்பவாங்கிலிருந்து வரும் சிலுவைராஜ். அப்பாவுக்குக் கப்பல் தளத்தில் வேலை என்பதால் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் அளவுக்கு கிரீம். போதாததற்கு, வேலை கிடைக்கும் முன்பே டை கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். அந்த டையைப் பார்க்கும்போதெல்லாம் மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்ததில் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை துரைசாமி சொன்னபடியே வந்து சேர்ந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! முதல் போணி நீங்கதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிலுவைராஜ் கூவினான்.

செம்பவாங்காரனுக்கு இந்தத் தெருச் சங்கதி என்ன தெரியும் என்று மருதப்பன் வாய்க்குள் சிரித்துக்கொண்டான். துரைசாமி ஒரு சோப்பை வாங்கி, முகர்ந்து பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

எதிர்த் துணிக்கடை நெய்னா முகம்மது பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அடப் பாவமே! யாரு கையில போணி வாங்கியிருக்கே, தம்பி?"

"ஏன் பாய், என்ன?" என்று சிலுவைராஜ் பச்சைக் குழந்தைபோல் விழித்தான்.

"ஒண்ணுமில்ல, பயப்படாதே. எனக்குக் கொஞ்சம் சோப்பு குடு. தோஷம் கழியட்டும்."

அடுத்துப் பூக்கடைத் தங்கம் வந்தாள். "எங்கேயோ இருந்து வந்த பிள்ளை, நம்ம தெருவில கெட்டுப் போகக் கூடாது" என்று இரண்டு கை நிறைய வாங்கினாள். அவளைப் பார்த்து இட்லிக் கடைக்காரர், அவரைப் பார்த்து முடிதிருத்துபவர். தெருவே பரிகாரம் செய்யக் கிளம்பிவிட்டது. மருதப்பனுக்கு இன்னும் போணியே ஆகவில்லை.

"அக்கா, எங்கிட்டயும் ஒண்ணு வாங்குங்க."

"ஒனக்கென்னடா குறை?" என்றாள் தங்கம். "துரைசாமி ஒங்கிட்ட வாங்கலையே!"

மருதப்பனுக்குப் பொறாமையில் கண் மண் தெரியவில்லை. சிலுவைராஜ் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் நுழைந்து, ஓரமாக நின்ற ஒரு பெண்ணிடம், "இந்தச் சோப்பு போட்டா அரிக்குதாம்" என்று கிசுகிசுத்தான்.

"எது? ஒன் மேசையிலயும் இருக்கே, அந்தப் பச்சைச் சோப்பா?" என்று அவள் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

தானும் அதைத்தான் விற்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சிலுவைராஜ் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எல்லார் முன்னாலும் முகம் கழுவினான். முகம் பளபளத்தது. கூட்டம் இன்னும் பெருத்தது. மருதப்பனும் விடவில்லை. வாளியை இழுத்து வைத்து அவசர அவசரமாகத் தேய்த்ததில் சோப்பு கண்ணில் போய்விட்டது. இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வடிய நிமிர்ந்தான்.

"பாத்தீங்களா! அரிக்கிறது இவன் சோப்புதான்!" என்றாள் அதே பெண்.

இனி ஒரே வழிதான். மேசையை அப்படியே போட்டுவிட்டு, பஃப்லோ ரோடு வரை ஓடித் துரைசாமியைப் பிடித்தான்.

"அண்ணே, எங்கிட்டயும் போணி பண்ணுங்கண்ணே! ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!"

பிறந்ததிலிருந்து யாரும் துரைசாமியை இப்படிக் கெஞ்சி அழைத்ததில்லை. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கல்யாண மாப்பிள்ளைபோல் நிதானமாக நடந்துவந்தார். வந்து சேர்ந்தபோது சிலுவைராஜின் பெட்டி காலியாகியிருந்தது. கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். யாக்கூப் மாஸ்டர் கைதட்டினார். தெருவும் கைதட்டியது. நெய்னா முகம்மதுக்குக் கண் கலங்கியேவிட்டது.

மருதப்பன் தன் மேசைமேலேயே சரிந்து உட்கார்ந்தான். மாமா கடை மூட்டைகள் வரிசையாக மனக்கண்ணில் வந்தன. "எல்லாம் என் பரோட்டாவில வந்த வினை. நானே ஒங்களை அனுப்பி அவனை ஜெயிக்க வச்சுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

துரைசாமி அவன் தோளைத் தட்டினார்.

"சும்மா ஒன்னையே நொந்துக்காதே தம்பி. நீ பரோட்டா வாங்கித் தர்றதுக்கு முந்தின நாளே, 'நீங்க போணி பண்ணினாத்தான் தெருவே பாவப்பட்டு வாங்கும்'னு சொல்லி, சிலுவைராஜ் எனக்கு பிரியாணி வாங்கித் தந்துட்டான் லா!"