மாகுரா வீட்டுப் பையனுக்குக் கால் வேகம் போதாது

லிண்டன் பிளாட், சஸ்காட்செவன்
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை கார்னெட்டுக்கு மச்சான் ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம், என் டிரக் அவ்வளவு சௌக்கியமில்லை, ஆகையால் இன்னும் இந்த ஊர் விடுதியிலேயே கிடக்கிறேன். அங்கு நீயும் என் தங்கை டோரீனும் நலமாயிருந்து, நீ நடத்தும் 'ஆந்தைகள்' ஹாக்கி அணி அடுத்த வருஷமாவது கடைசி இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

நிற்க. லெவி மாகுரா என்ற பையனின் பனி ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்து எழுதச் சொன்னாய். பார்த்தேன். மே மாதம் ஜூனியர் அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீ இவனை எடுக்க வேண்டாம். கால் வேகம் போதாது.

விவரம் சொல்கிறேன். சனிக்கிழமை கிளம்பும்போது, குளிரில் இன்ஜின் உறையாமல் சூடேற்ற வீட்டுச் சுவரில் செருகி வைத்திருந்த மின்சார ஒயரைப் பிடுங்க மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். ஒயரோடு சுவர்ப் பலகையும் பெயர்ந்து வர, அதையும் இழுத்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்தால், பெட்ரோல் போடும் பெண், "நாயக் கட்டி இழுத்துட்டு வர்றீங்களோன்னு பயந்துட்டேன் மாமா" என்கிறாள். ஹாக்கி அரங்கம் அப்படியேதான் இருக்கிறது மாப்பிள்ளை. டோரீன் காபி விற்ற அந்தச் சமையலறை ஜன்னல், பசியே இல்லாமல் டோனட் டோனட்டாக வாங்கித் தின்று நீ அவளோடு பேச்சை வளர்த்த இடம், எல்லாம் இருக்கிறது. நாம் இங்கே ஆடிய காலத்தில் தண்ணீரை உறைய வைக்க இயந்திரம் ஏது? கதவைத் திறந்து வைத்தால் குளிரே பார்த்துக்கொள்ளும். மார்ச்சில் வெயில் ஏறினால் ஒரு பக்கம் குளமாகிவிடும், கோல் போட்டால் தண்ணீர் தெறிக்கும். நீ முன்னால் ஓடுவாய், நான் பின்னால் தனியாகக் கிடந்து அடிவாங்குவேன். ஒருநாளாவது திரும்பி வந்து எனக்குக் கைகொடுத்திருப்பாயா?

பையனுக்கு வருவோம். கூட்டாளிகளுக்கு முன்பே எதிரணியின் நீலக் கோட்டுக்குப் போய்விடுகிறான். ஆடும் ரப்பர் வட்டு வருமுன் கோட்டைத் தாண்டினால் பிழையாயிற்றே, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி அங்கேயே நிற்கிறான். இது ஒரு குறை. இடித்தால் தாங்குவானா என்று பார்க்கலாமென்றால், இடிக்குமளவுக்கு ஒருவனும் அவனை எட்டவில்லை. இதுவும் குறைதான். கடைசிப் பகுதியில் வட்டைப் பறிகொடுத்தான். எதிரணிப் பையன் தனியாக இவர்கள் கோலை நோக்கிப் போகிறான். லெவி அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்தான், மாப்பிள்ளை, திரும்பி வந்து, பின்னாலிருந்து அலுங்காமல் வட்டை எடுத்துக்கொண்டு போனான். ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது, அழுத்த மறந்து எழுந்து நின்றுவிட்டேன். என் காபி முழுவதும் வேறொரு அணிக்காக ஆள் பார்க்க வந்தவரின் மடியில். ஆகவே அளந்த வேகம் என்று என்னிடம் எதுவுமில்லை. அளக்காத வேகத்தை நல்ல வேகமென்று நான் எப்படி எழுதுவது?

ஆட்டம் முடிந்ததும் பையனின் தகப்பன் ரஸ்ஸல் என் டிரக்கில் ஏறி உட்கார்ந்து, வீட்டில் செய்த பூண்டு போட்ட இறைச்சி சாசேஜை வெட்டிக் கொடுத்தான். மனைவி தவறிய பிறகு பண்ணையில் அவனும் லெவியும் மட்டும்தான். நீ எடுத்தால் பையன் வீட்டை விட்டு வந்து, உன் ஊரில் யார் வீட்டிலாவது தங்கி ஆட வேண்டியிருக்கும். இதற்கும் என் மதிப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை.

டோரீனுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், உன் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஆர்வில்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டி இருக்கும் கடையில் ரஸ்ஸல் நின்றிருந்தான். மகனைப் புகழச் சொல்லி சாசேஜ் தரும் தகப்பன்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். இவன் அன்று டிரக்கில், "நல்லா எழுதிடாதீங்கண்ணே. காலைல பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற வண்டிலதான் அவன் என்கிட்ட வாயத் தொறக்கிறான். அவனும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று கெஞ்சினான். சரியென்று சொல்லிவிட்டேன்.

"எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதிட்டேன். கால் வேகம் போதாதுன்னு."

அவன் முகம் மாறிவிட்டது. "யாருக்கு, லெவிக்கா?"

"நீதானப்பா கெடுத்து எழுதச் சொன்ன."

"கோபக்காரன்னு எழுதலாம், சோம்பேறின்னு எழுதலாம். அவனப் போய் வேகம் இல்லன்னு எழுத உங்களுக்கு எப்படிண்ணே கை வந்துச்சு?"

வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"அதக் கிழிச்சுப் போடுங்கண்ணே."

"ஸ்டாம்ப் ஒட்டியாச்சே."

"அப்ப கீழ எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"வேகம்னு எழுதுங்க."

வேகம், மாப்பிள்ளை. நான் பார்த்ததிலேயே வேகம். முதல் சுற்றிலேயே எடு. வேறு யார் வீட்டிலும் விடாதே, உன் வீட்டுக் கீழறையில் வைத்துக்கொள். தினமும் காலையில் பயிற்சிக்கு நீயே ஓட்டிக்கொண்டு போ, வழியில் அவன் தகப்பனுக்கு போன் போட்டுக் கொடு. நான் இதை எழுதி முடிக்கும்வரை ரஸ்ஸல் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, போய் வண்டியை எடுத்தான். கடைச் சுவரில் செருகிய ஒயரைப் பிடுங்கவில்லை. அது பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது.