கிலோவில் ஒரு கைப்பிடி

“மறுபடியும் உப்பா?” என்றாள் மார்த்தாள், கூடைக்குள் எட்டிப் பார்த்து.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவள் செங்கேணி. கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தக் கூடையை வைத்ததும் அவள்தான். துணையில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மார்த்தாள் தினமும் சோறாக்கி, மொபெட்டில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். கடைக்கு வருகிறவர்கள், வாங்குகிற சாமானோடு ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கூடையில் போட்டால் அந்த அடுப்பு அணையாது என்பது செங்கேணியின் யோசனை. ஜனங்களும் சந்தோஷமாகத்தான் போட்டார்கள். ஆனால் கடையிலேயே எது மலிவோ அதைப் பார்த்துப் போட்டார்கள்.

“உப்ப வெச்சிக்கினு நான் இன்னாடி பண்றது? ஊருக்கே ஊறுகா போடவா? கட்டில் அடியிலகூட உப்புதான் கீது.”

“நாளைக்கி சரி பண்ணிடறேன்க்கா.”

மறுநாள் ‘உப்பு வேண்டாம்’ என்று அட்டையில் எழுதி மாட்டினாள். சாயங்காலத்துக்குள் கூடை நிறைய தீப்பெட்டி.

“அடுப்பு பத்த வெச்சிடலாம்,” என்றாள் மார்த்தாள். “மேல இன்னாத்த வைக்கிறது?”

‘அரிசி, பருப்பு மட்டும்’ என்று அட்டையை மாற்றி எழுதினாள். அதன் பிறகு கூடையில் ஒரு துரும்புகூட விழவில்லை. மார்த்தாள் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனாள். உப்பைப் பார்த்துத் திட்டிய மார்த்தாளே மேல் என்று தோன்றியது செங்கேணிக்கு. நாளைக்கு அந்த வீடுகளில் சோறு இல்லை.

அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த புருஷன் சின்னப்பையனிடம் புலம்பினாள்.

“தனியா வாங்கிப் போடுன்னா யோசிப்பாங்க,” என்றான் அவன். “யோசிச்சா உப்புதான் வரும். அரிசி நிறுத்துப் போடறியே, அதுலயே ஒரு கைப்பிடி எடுத்துடு.”

“ஐயோ, திருட்டுப் பட்டமா வாங்கித் தர?”

“சொல்லிட்டு எடுடி!”

அப்படியே செய்தாள். கண்ணெதிரே நிறுத்து, பையில் கொட்டி, “மார்த்தா அக்கா சோத்துக்கு” என்று சொல்லி ஒரு கைப்பிடி அள்ளி வாளியில் போட்டாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, போட்டியே கிளம்பிவிட்டது.

“உன் கை பூன கை மாதிரி கீது. தள்ளு, நானே அள்றேன்,” என்று அரிசி வாங்க வந்த தமிழ்ச்செல்வி இரண்டு கையையும் பைக்குள் விட்டாள். வரிசையில் பின்னால் நின்றவள் அதைவிடப் பெரிதாக அள்ளினாள். வாளி வழிந்தது. பக்கத்து ஊரில் படுத்துக் கிடந்தவர்களுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள் மார்த்தாள். மொபெட் சத்தம் கேட்டாலே செங்கேணிக்கு மனசு நிறைந்தது.

ஒரே ஒரு பையில் மட்டும் அவள் கை போகவில்லை. அது பவளத்தின் பை. பெரிய வீடு, நிறைய நிலம். செங்கேணியின் அம்மா ஆயுசுக்கும் நாற்று நட்டது அந்த வீட்டுக் கழனியில்தான். அந்த வீட்டம்மா இப்போதுதான் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். பையின் வாய் வரைக்கும் போகிற கை, அங்கேயே கூசித் திரும்பிவிடும். முழுசாக நிறுத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவாள். பவளம் வாளியைப் பார்ப்பாள், செங்கேணியைப் பார்ப்பாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவாள்.

“மொறைச்சிட்டுப் போறாங்கய்யா. நாம அள்றது அவங்களுக்குப் புடிக்கல.”

“அப்ப அவங்க வந்தா வாளிய மூடி வெச்சிடு,” என்றான் சின்னப்பையன்.

அடுத்த முறை பவளம் வந்ததும் வாளி மேல் சாக்கு விழுந்தது. பவளத்தின் முகம் இன்னும் கறுத்தது. கையில் போனை எடுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

ஒரு காலை வியாபாரம் மும்முரமாக நடக்கையில் ஜீப் வந்து நின்றது. எடை ஆபீசர் இறங்கினார்.

“உங்க கடை எடையில கோளாறுன்னு புகார் வந்திருக்கு.”

செங்கேணியின் தெரு ஆட்களில் இதுவரை யாருமே வைக்காத கடை. இதற்குச் சீல் வைத்தால் மறுபடி அந்தக் கழனிதான்.

ஆபீசர் தராசைச் சோதித்தார். துல்லியமாக இருந்தது. அப்போதுதான் வாங்கிக்கொண்டு நின்றவர்களின் பைகளை வரிசையாக வைத்து நிறுத்தார். ஒவ்வொன்றும் குறைந்தது.

“தராசு சரியா இருக்கு. பை மட்டும் எப்படிம்மா குறையுது?”

வாங்கிக்கொண்டு நின்றவர்களில் பவளமும் இருந்ததால் வாளி சாக்குக்கு அடியில் இருந்தது. ஆபீசர் சாக்கைத் தூக்கினார். “ஓ! திருடினதை ஒளிச்சு வேற வைக்கிறீங்களா?”

செங்கேணி வாயைத் திறப்பதற்குள் தமிழ்ச்செல்வி பாய்ந்தாள்.

“யாரு திருடுனது? என் அரிசி, என் கையால நான் அள்ளிப் போட்டது! உனக்கு இன்னா சார் வந்துச்சி?”

“அல்லாரும் குடுத்ததுதான் சார்!” என்றது கூட்டம். “படுத்துக்கினு கீற ஜனத்துக்குச் சோறு!” சத்தத்தில் ஜீப் டிரைவரே இறங்கி வந்துவிட்டார்.

ஆபீசர் ஒருவர் விடாமல் விசாரித்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்கும் அரிசி போடச் சொன்னார். பையை நீட்டியவர் தானே ஒரு கை அள்ளி வாளியில் போட, கடை கைதட்டலில் அதிர்ந்தது. செங்கேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி யாருக்கும் எதையும் மூடத் தேவையில்லை.

“வேலையை முடிச்சிடறேன்,” என்று மிச்சமிருந்த ஒரு பையையும் தராசில் வைத்தார் ஆபீசர். புருவத்தை உயர்த்தினார். “அட, இது ஒண்ணுதான் சரியா இருக்கு. இது யாரோடது?”

பவளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அதான் சார் புகாரே! ஊர்ல அல்லாரு பையும் கொறையுது, என் பை மட்டும் கொறையவே மாட்டேங்குது!”