விலை போடாத வீடு

நான் ஒரு மடையன். மூன்று மாத வகுப்பில் எழுபது நாள் போய்விட்டு, வெப்சைட் கட்டுவதில் இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்தவன். (முக்கியமான பாடம் மீதி இருபது நாளில் இருந்திருக்கிறது.)

அதிராம்பட்டினத்தில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருந்த காலம் அது. மீதிப்பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டுத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அங்கே ஏசி அறையில் வேலை என்று யாரோ சொன்னதை நம்பி, வாப்பா என்னைப் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.

அதே சமயம் என் அக்கா, ராத்தாவுக்கு, வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு எழுந்து நின்றால்தான் நிக்காஹ்வுக்குத் தேதி. மாப்பிள்ளை துபாயில் ஒரு ஆபீஸில் இருந்தார். வீடு எந்த அளவில் இருக்கிறது என்று ஒவ்வொரு போனிலும் கேட்பார். வாப்பா ஒவ்வொரு போனிலும் “பூச்சு வேலை நடக்குது” என்பார்.

கடைசியில் மாப்பிள்ளை கேட்டது ஒரு போட்டோதான். நான்தான் வெப்சைட்டே போட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

வகுப்பில் ஒரு குறுக்கு வழி சொல்லித்தந்திருந்தார்கள். பிடித்த பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் பின்னால் இருக்கும் எழுத்தை அப்படியே நகலெடுத்து, அவர்கள் விஷயத்தை அழித்து நம் விஷயத்தைப் போட்டுக்கொள்வது. வீட்டுப் படம் உள்ள வெளிநாட்டுப் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வீட்டைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுகிறவன் எதற்காகப் போடுவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவர்கள் நீச்சல் குளத்தை எடுத்துவிட்டு எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் போட்டேன். மேலே ஒரு ரோஜாப்பூ சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்தேன். முகவரியை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுது முடித்த கையோடு மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். பெரிய தெருவில் முப்பது வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நாங்கள் மாமா என்போம். டீயைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபாக்ஸ் தாளை எடுத்து விரித்தார். மாப்பிள்ளை என் பக்கத்தை ஆபீஸில் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தார். கறுப்புத் திட்டாக எங்கள் வீடு. தாளின் உச்சியில், நான் எழுதவே எழுதாத ஆங்கில வரி ஒன்று: வீடு உடனடி விற்பனைக்கு.

“விக்கிறதா இருந்தா எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?” என்றார் வாப்பாவிடம்.

வாப்பா என்னைப் பார்த்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது. பூச்சு வேலை மூன்று மாதமாக நடந்துகொண்டே இருந்ததால், கைமுடை வந்து வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று யாரும் நம்பக்கூடிய நிலை. நான் நகலெடுத்த கதையை விளக்க விளக்க, மாமாவின் முகம் இன்னும் இறுகியது. கடைசியில், மகன் போன் செய்து சரி என்று சொல்லாமல் தேதி குறிப்பதில்லை என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்குப் பட்டுக்கோட்டை பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ராத்தா கல்யாணம் நின்றுபோய், நான் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் ஓடி ஒளிந்து வாழ்வதாக ஒரு காட்சி வந்தது. பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தேடினேன். விற்பனை என்ற சொல்லே இல்லை. தொட்டி இருந்தது. ரோஜாப்பூ சுற்றியது. அரைமணி நேரம் கழித்துத்தான் திரையின் உச்சியிலிருந்த நீலப் பட்டை கண்ணில் பட்டது. அதில் அந்த வரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துக்குத் தலைப்பு என்று ஒன்று உண்டாம். பிரிண்ட் எடுத்தால் அது தாளின் மேலே ஏறிக்கொள்ளுமாம்.

அழித்திருந்தால் பிழைத்திருப்பேன். மடையன் என்று முதலிலேயே சொன்னேனே. சந்தேகமே வரக்கூடாது என்று, ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல’ என்று தலைப்பை ஆங்கிலப் பெரிய எழுத்தில் மாற்றி, “இப்போது பாருங்கள்” என்று மாப்பிள்ளைக்கு மெயில் தட்டிவிட்டு நிம்மதியாக ஒரு பரோட்டா சாப்பிட்டேன்.

மறுநாள் மாமா இரண்டாவது ஃபாக்ஸோடு வந்தார். இந்த முறை உட்காரக்கூட இல்லை.

“நேத்து விக்கிறதுன்னு இருந்துச்சு. இன்னைக்கு இல்லைங்கிது. ஒரே நாள்ல வித்து முடிச்சிட்டீங்களா?”

உம்மா அடுப்படியில் அழ ஆரம்பித்தாள். நான் தூணோடு தூணாக நின்றேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. நிச்சயமானதிலிருந்து மாமா காதில் விழும்படி அவள் பேசியதே இல்லை.

“மாமா, அந்த ரெண்டு தாள்லயும் வெல எங்கயாச்சும் போட்டிருக்கா, பாருங்க.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். முப்பது வருஷம் துணி விற்றவர். இரண்டையும் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெல போடாம எவன் விப்பான்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, “இவன விசா கெடச்சதும் அனுப்பிடுங்க. இங்க இருந்தா ஊரயே வித்துருவான்” என்றார். உம்மா ஓடிவந்து டீ வைத்தாள். அதைக் குடித்தார். வீடு முடிந்து, நிக்காஹ்வும் நடந்தது.

எனக்குத்தான் விசா கிடைக்கவில்லை. பிறகு தஞ்சாவூரில் வெப்சைட் கட்டியே பிழைத்தேன். நீலப் பட்டையைப் பார்க்காமல் ஒரு பக்கத்தையும் வெளியே விட்டதில்லை. மச்சானாகிவிட்ட மாப்பிள்ளை அந்த இரண்டாவது தாளை லேமினேட் செய்து ராத்தா வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். நான் இருந்தால் அன்றைக்கு எனக்குப் பிரியாணி இறங்காது.

போன மாதம் என் மகளுக்குக் கட்டும் வீட்டுக்குத் தளம் போட்டோம். நான்கு பக்கமும் படம் எடுத்து, எழுத்து எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்து, ராத்தாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது: “வெல என்ன?”